ஐபிஎஸ் பத்தியம்: அடங்கியிருந்த வயிறு மறுபடி கிளம்பினால் என்ன செய்வது

ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எளிதில் சீண்டப்படும் குடல் கோளாறு) என்று டாக்டர் சொல்லி, வெங்காயம் பூண்டைக் குறைத்து, பாலை நிறுத்தி, சப்பாத்தியைத் தள்ளி வைத்து, ஒரு வழியாக வயிறு அடங்கி வரும். கொஞ்ச காலம் நிம்மதி. அப்புறம் ஒரு நாள் காலையில் பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும்: கடமுடா சத்தம், உப்புசம், ஆபீஸ் கிளம்புவதற்குள் நாலு தடவை பாத்ரூம். சிலருக்கு நேர்மாறாக, மூன்று நாளாக ஒன்றுமே போகாமல் வயிறு இறுகிக் கிடக்கும். போச்சு, இத்தனை நாள் வாயைக் கட்டியதெல்லாம் வீண் என்று தோன்றும்.

பத்தியத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். நடுவில் சறுக்கினால் என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்தவரை நடப்பது இதுதான்: ஒவ்வொரு தடவை வயிறு கெடும்போதும் ஆள் ஒரு சாப்பாட்டை வெட்டிவிடுகிறார். போன தடவை தக்காளி, இந்தத் தடவை கத்தரிக்காய், அடுத்தது முட்டை. வருஷம் திரும்பும்போது தட்டில் இட்லியும் தயிர் சாதமும்தான் மிச்சம். எடை குறைந்திருக்கும், முகம் வாடியிருக்கும், வயிறு மட்டும் பழையபடியே படுத்தும். அதனால் இதில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: வயிறு கெட்ட அன்றைக்கு எந்தச் சாப்பாட்டைப் பற்றியும் முடிவு எடுக்காதீர்கள். அன்றைக்குச் சமாளிப்பது மட்டும்தான் வேலை, விசாரணையெல்லாம் வயிறு அடங்கின பிறகு.

ஐபிஎஸ் ஏறி இறங்கும் வகை. பத்தியம் சரியாக இருந்தாலும் அது எட்டிப் பார்க்கும். பத்தியம் செய்வது அந்த வருகைகளைக் குறைப்பது, வந்தால் வேகத்தைக் குறைப்பது, அவ்வளவுதான். நோயையே துடைத்தெடுப்பதாக யாராவது சொன்னால் அவர் ஏதோ விற்கப் போகிறார் என்று அர்த்தம்.

முதலில், இது ஐபிஎஸ்தானா?

ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது என்பதற்காக வயிற்றில் நடக்கும் எல்லாவற்றையும் ஐபிஎஸ் கணக்கில் எழுதக் கூடாது. மலத்தில் ரத்தம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்தில் இருந்து எழுப்பி ஓட வைக்கும் வயிற்றுப்போக்கு, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் இறங்கியிருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் பத்தியத்தைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டாம், டாக்டரிடம் போங்கள். வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் போன்ற குடல் அழற்சி நோயோ இருந்தாலும், ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக மலப் பழக்கம் மாறினாலும் அப்படியே. நம் ஊரில் ரத்தம் தெரிந்தால் 'சூடு', 'மூலமா இருக்கும்' என்று மோரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பழக்கம் இருக்கிறது, அது உண்மையில் மூலமாகவே இருக்கலாம், ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். இன்னொன்று, இந்தியாவில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது, அது பார்ப்பதற்கு அச்சு அசல் க்ரோன்ஸ் மாதிரியே இருக்கும். குடலில் உண்மையான அழற்சி இருக்கிறதா என்று பார்க்க மலத்தில் கால்புரொடெக்டின் என்று ஒரு பரிசோதனை உண்டு. இதுவரை எடுக்கவில்லை என்றால் எடுக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ க்ரோன்ஸோ இருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு முழுதாகப் பொருந்தாது. உங்களுக்கு மாத்திரைதான் அஸ்திவாரம், சாப்பாடு துணை. வயிறு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்துவதுதான் உங்கள் விஷயத்தில் மறுபடி கிளம்புவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று.

அந்த ஒன்றிரண்டு நாள்

சாப்பிட்டு முடித்த உடனே பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருந்தால், இப்போது சாப்பிட்டதுதான் அப்படியே போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் சுருங்கி ஏற்கெனவே அங்கே இருப்பதை வெளியே தள்ளும். எல்லாருக்கும் நடக்கும் அனிச்சைச் செயல் அது, ஐபிஎஸ் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் ஆவேசமாக நடக்கிறது. வெளியே போவது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது. இட்லி சாப்பிட்டதும் ஓடினேன், அதனால் இட்லி ஆகாது என்ற முடிவு எத்தனை வீடுகளில் எடுக்கப்பட்டிருக்கிறதோ!

அன்றைக்கு என்ன சாப்பிடலாம் என்றால், உங்களுக்கு வழக்கமாக ஒத்துப்போகும் சாதாரண சாப்பாட்டையே அளவைக் குறைத்து நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குழைந்த சாதம், நெய், பூண்டு போடாத மிளகு சீரக ரசம், அரிசிக் கஞ்சியில் உப்பு, வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு, முட்டை. காரம், எண்ணெயில் பொரித்தது, கெட்டி டிகாக்‌ஷன் காபி மூன்றையும் இரண்டு நாளைக்கு விடுங்கள், காபி குடலை நன்றாகவே முடுக்கிவிடும். பகல் முழுக்கப் பயந்து பட்டினி கிடந்துவிட்டு ராத்திரி பசி தாங்காமல் ஒரே பிடியாகப் பிடிப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

தண்ணீராகப் போனால் ஓஆர்எஸ். பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட் முழுதாக, கரைத்ததை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று கணக்கில்லாமல் கலப்பது பிரயோஜனமில்லை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, ஓஆர்எஸ் இருக்க வேண்டிய இடத்தில் அது நிற்காது. போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது தொடவே கூடாது.

மலச்சிக்கல் பக்கம் சாய்ந்திருந்தால் இசப்கோல் நல்ல துணை. அது கரையும் வகை நார், ஐபிஎஸ்ஸுக்கு அந்த வகைதான் ஒத்துப்போகிறது, கோதுமைத் தவிடு பலருக்கு உப்புசத்தைக் கிளப்பிவிடும். இசப்கோலை நிறையத் தண்ணீரோடு, சின்ன அளவில் தொடங்கி, சில நாளில் மெதுவாக ஏற்ற வேண்டும். வலிக்கு வெந்நீர்ப் பை. அப்புறம் ஒரு அரை மணி நேரம் நடை, மொட்டை மாடியில் என்றாலும் சரி.

அடங்கின பிறகு விசாரணை

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, கெட்ட நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களை நினைவுபடுத்தி எழுதுங்கள். கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் எழுதினால் நிரபராதிதான் மாட்டுவான். மலம் எப்படி இருந்தது என்பதற்கு, மலத்தை உருவத்தை வைத்து 1 முதல் 7 வரை பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணையின் எண்ணைப் போடலாம், 1, 2 என்றால் இறுகியது, 3, 4 சரி, 6, 7 என்றால் இளகியது. டாக்டரிடம் காட்டும்போது கூச்சப்பட்டு வர்ணிக்கும் வேலையும் மிச்சம்.

சாப்பாட்டுக்கு முன்னால் மற்றவற்றை எழுதுங்கள். தூக்கம் கெட்டதா? ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா? ஆபீசில் மாதக் கடைசியா, பிள்ளைக்குப் பரீட்சையா? பெண்களுக்கு மாதவிடாய் தொடங்கும் நாட்களில் வயிறு இளகுவது மிகச் சாதாரணம், அதை அந்த மாதத்துப் புதுக் காயின் தலையில் கட்டிவிடுகிறோம். நடுவில் நிஜமான ஃபுட் பாய்சன் ஒன்று வந்துபோயிருந்தால் அதற்கு அப்புறம் குடல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூடத் தொட்டாற்சிணுங்கியாக இருக்கும், பத்தியத்தில் பிழை எதுவும் இருக்காது.

சாப்பாட்டில் தேட வேண்டியது பெரும்பாலும் ஒரு தனிக் குற்றவாளியை அல்ல, கூட்டுத்தொகையை. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக் குழு 2005 இல் 'ஃபாட்மேப்' என்று பெயர் வைத்த சர்க்கரை வகைகள்தான் ஐபிஎஸ் பத்தியத்தின் அடிப்படை: வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான், பருப்பு பயறில் இருக்கும் ஜிஓஎஸ் (கேலக்டோ-ஒலிகோசாக்கரைடு), பாலின் லாக்டோஸ், மாம்பழத்திலும் தேனிலும் மிஞ்சி நிற்கும் ஃப்ரக்டோஸ், காலிஃபிளவரிலும் காளானிலும் இருக்கும் பாலியால். இவை சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே போகும், பெருங்குடலில் பாக்டீரியா அவற்றைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்கும். எல்லார் வயிற்றிலும் இது நடக்கிறது, ஐபிஎஸ் உள்ளவரின் குடல் நரம்புகள் அதே உப்பலைப் பல மடங்கு வலியாக உணர்கின்றன. இப்போது ஒரு நாளைப் பாருங்கள்: காலையில் ஒரு சப்பாத்தி, மதியம் அரைக் கரண்டி சாம்பார், நாலு மணிக்குப் பால் டீ, ராத்திரி ரெண்டு துண்டு மாம்பழம். ஒவ்வொன்றும் தனியாக உங்களுக்கு ஒத்துப்போகும் அளவுதான். நாலும் ஒரே நாளில் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். மாம்பழம்தான் கடைசியாக உள்ளே போனது என்பதால் அதன் மேல் பழி விழும், சீசன் முழுக்க மாம்பழம் இல்லாமல் இருப்பீர்கள், பாவம்.

மனசு செய்யும் வேலையும் உண்டு. 2013 இல் அதே மோனாஷில் ஒரு ஆய்வு நடந்தது. கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய ஐபிஎஸ் நோயாளிகள் 37 பேர். முதலில் ஃபாட்மேப் குறைந்த சாப்பாடு கொடுத்ததில் எல்லாருக்கும் வயிறு தேறியது. அப்புறம் எதில் க்ளூட்டன் இருக்கிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, க்ளூட்டன் அதிகம், குறைவு, அறவே இல்லை என்ற மூன்று சாப்பாட்டுக்கும் வயிறு ஒரே மாதிரிதான் கெட்டது. வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை, வலி நிஜம். 'இது ஒத்துக்காது' என்ற எதிர்பார்ப்போடு தட்டின் முன் உட்கார்ந்தாலே குடல் தயாராகிவிடுகிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். அதனால் ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் தடை செய்யாதீர்கள், தனித்தனி வாரங்களில் மறுபடியும் நடந்தால் பார்ப்போம்.

சமையலறையில் ஒளிந்திருப்பவை

கூட்டிப் பார்த்தும் கணக்கு ஒத்து வரவில்லை என்றால் தெரியாமல் உள்ளே போவது ஏதோ இருக்கிறது. முக்கியமான ஒன்று, சாம்பாரில் இருந்து வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவது. உதவாது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், வெங்காயம் கொதித்த குழம்பு முழுக்க அது இறங்கியிருக்கும். ஆனால் எண்ணெயில் அது கரையாது, இதுதான் நமக்குக் கிடைத்த வரம். நல்லெண்ணெயில் நாலு பல் பூண்டை முழுசாகப் போட்டுச் சின்னத் தீயில் பொன்னிறமாக வாசம் வரும்வரை வதக்கி, பூண்டைக் கரண்டியால் எடுத்து மற்றவர்கள் தட்டில் போட்டுவிட்டு, அதே எண்ணெயில் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்தால் பூண்டு ரசத்தின் மணம் அப்படியே வரும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள், பூண்டு ஊறிய எண்ணெயைப் பாட்டிலில் போட்டு வெளியே வைத்தால் கெட்ட கிருமி வளரும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் போடலாம், அடியில் இருக்கும் வெள்ளையைத் தவிர்த்துவிட்டு.

கூட்டுக் குடும்பத்தில் தனிச் சமையல் கேட்டால் வீட்டில் புகைச்சல் வரும். அதற்கு வழி, பருப்பு வெந்து வெங்காயம் போடுவதற்கு முன்னால் உங்கள் பங்கை ஒரு சின்னப் பாத்திரத்தில் எடுத்துவிட்டு, மேலே சொன்ன தாளிப்பைக் கொட்டிக்கொள்வது, கூடுதல் வேலை ஐந்து நிமிஷம். பருப்பையே ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ஜிஓஎஸ்ஸில் ஒரு பங்கு போய்விடும். துவரையை விடப் பாசிப்பருப்பு கொஞ்ச அளவில் பலருக்குத் தாங்குகிறது. சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள், அப்புறம் புரதத்துக்கு எங்கே போவது?

கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். தாளிக்கும் சிட்டிகைக்கு ஐபிஎஸ்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை, க்ளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். கடைப் பொடிகளில் பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி இருக்கிறதா என்று படியுங்கள். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம், சில இருமல் மருந்துகளில் சார்பிடால் இருக்கும், சார்பிடால் ஒரு பாலியால், கூடினால் மலமிளக்கி. சளிக்கு மருந்து குடித்த வாரம் வயிறு கெட்டால் அந்த பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். வாழைப்பழத்தைக் கொஞ்சம் காய்ப்பதமாகச் சாப்பிடுங்கள், நன்றாகக் கனிந்து புள்ளி விழுந்ததில் ஃப்ரக்டான் கூடிவிடும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது சத்துமாவுக் கஞ்சி மேல்தான். ஆள் மெலிந்துவிட்டானே என்று அம்மா பாசத்தோடு அரைத்துத் தருவார், உள்ளே கோதுமை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, சோயா, முந்திரி, பாதாம் எல்லாம் இருக்கும், பாலில் வேறு காய்ச்சியிருப்பார். சந்தேகப் பட்டியலில் பாதி ஒரே டம்ளரில். வயிறு கெட்ட வாரத்தில் இது வேண்டவே வேண்டாம். சத்து வேண்டும் என்றால் கஞ்சியில் ஒரு கரண்டி நெய், கூட ஒரு முட்டை.

திரும்பி எழுவது

வயிறு அடங்கியதும் பத்தியத்தை முதல் நாளில் இருந்து கடுமையாகத் தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். கடைசியாக எந்தச் சாப்பாட்டு முறையில் நன்றாக இருந்தீர்களோ அங்கே போய் நில்லுங்கள், போதும். எல்லாவற்றையும் குறைக்கும் கடுமையான கட்டம் இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு மட்டுமே ஆனது. அதையே மாதக்கணக்கில் நீட்டினால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் சாப்பாடு இல்லாமல் போகும், சுண்ணாம்புச் சத்தும் நாரும் குறையும்.

ஒரு வாரமாவது வயிறு சீராக இருந்த பிறகு, ஒத்துக்கொள்ளாது என்று சந்தேகப்படும் ஒன்றை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். மற்றதெல்லாம் மாறாமல், முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. லாக்டோஸுக்குப் பால், ஃப்ரக்டோஸுக்கு மாம்பழம். வெங்காயத்தையும் பூண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பயணம், மாதவிடாய், ஆடிட் வாரத்தில் சோதனை வேண்டாம். கல்யாணப் பந்தியில் வடை, கூட்டு, சாம்பார், பாயசம் எல்லாம் ஒரு பிடி பிடித்துவிட்டு மறுநாள் வயிறு கெட்டால் அது சோதனையே ஆகாது, அதில் இருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'ஆகும்', 'ஆகாது' என்று இருக்காது, இவ்வளவு வரை ஆகும் என்று ஒரு அளவாக இருக்கும், நோட்டில் அளவையே எழுதுங்கள்.

பந்தி என்றதும் இன்னொன்று. "என்னப்பா, இலையில ஒண்ணையுமே தொடல?" என்று அத்தை கேட்டால் ஃபாட்மேப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். "பத்தியம் அத்தை, டாக்டர் சொல்லியிருக்கார். சாதமும் தயிரும் போடச் சொல்லுங்க" என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும், அவரே கூப்பிட்டுத் தயிர் போடச் சொல்வார். போகும் முன் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போனால் பந்தியில் பசியோடு போராட வேண்டியதில்லை.

ஒரு சறுக்கலுக்கு அப்புறம் பஸ் பயணம், மீட்டிங், சினிமா எல்லாவற்றுக்கும் பயம் வந்துவிடும், அந்தப் பயமே குடலை முடுக்கும். ஐபிஎஸ்ஸுக்கு டாக்டர் சில சமயம் அமிட்ரிப்டிலின் மாதிரி ஒரு மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதுவார். மருந்துக் கடையில் 'இது டிப்ரஷனுக்கு உள்ளது' என்று சொல்லக் கேட்டு, எனக்கு மனசு கெட்டுப்போச்சு என்கிறாரா டாக்டர் என்று தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்தக் குறைந்த அளவில் அது குடல் நரம்புகளின் வலி உணர்வைத் தணிக்கத்தான் கொடுக்கப்படுகிறது. பிரிட்டனில் பொது மருத்துவர்களிடம் வரும் ஐபிஎஸ் நோயாளிகளிடையே இதைச் சோதித்து, பலன் தருகிறது என்று 2023 இல் முடிவு வெளியானது. ஐபிஎஸ்ஸுக்கான மனநலப் பயிற்சிகளும் அப்படித்தான், அவற்றுக்கும் நல்ல சான்று இருக்கிறது.

ஆறு வாரம் ஒழுங்காக இருந்தும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் இந்தப் பத்தியம் உங்களுக்குப் பலிக்கவில்லை, விட்டுவிடுங்கள். எல்லாருக்கும் பலிப்பதில்லை. வீம்புக்கு இன்னும் நாலு பொருளை வெட்டாமல் பழையபடி சாப்பிட ஆரம்பித்து, நோட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு குடல் மருத்துவரிடமோ டயட்டீஷியனிடமோ போங்கள். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளோடு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடிகளையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள், 'வயிறு சுத்தமாக' என்று விற்கும் பொடிகள் பலவற்றில் நிலாவாரையும் கடுக்காயும் இருக்கும், இரண்டும் பேதிக்கு எடுப்பவை. ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு காலையில் வயிறு ஏன் போகிறது என்று தேடுகிறவர்களும் உண்டு.